கணினியிற் குடிபெயர்தல்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதியுடன், விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுற்றன. பணிசெயல் முறைமையாவது, கணினியின் உறுப்புக்களையெல்லாம் இயக்கி, நாம் இடும் ஏவலை அவற்றுக்கு உணர்த்தி நிற்கும் அடிப்படை மென்பொருளாகும். 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்த அம்முறைமை பத்தாண்டுக்கு மேலாக நம் இல்லங்களிலும் பாடசாலைகளிலும் இருந்து ஊழியஞ் செய்தது. விரும்பினோர் 2026ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை திருத்தங்களைப் பெறுவதற்கு ஒரு வழி வகுக்கப்பட்டதாயினும், அது பிரிவைத் தள்ளிவைத்ததேயன்றித் தவிர்த்ததன்று. அதன் வழிவந்த விண்டோஸ் 11 முறைமையோ, ரி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு உறுப்பு அமையப்பெறாத பழைய கணினிகளைத் தன் விதிப்படி ஏற்பதில்லை. ஆகவே, பழுதின்றி இயங்கும் கணினியை வைத்திருந்தோர் பலர், புதியதொன்றை வாங்குவதா, அன்றி விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் முறைமைக்கு மாறுவதா என்று தம்முள் வினாவத் தலைப்பட்டனர். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தொடக்கிய கருவைச் சூழ்ந்து வளர்ந்த லினக்ஸ், இன்று உபுண்டு, மின்ட் முதலிய பல வடிவங்களில் எவருக்குங் கிடைக்கின்றது.

எம்முறைமை சிறந்தது என்னும் வழக்கைத் தீர்க்க இங்கே நாம் புகவில்லை. அவரவர் தேவையும் கையிருப்பும் அதனைத் தீர்த்துவைக்கும். நாம் ஆராயப் புகுவது, எதற்கு மாறினும் மாறும் நாளில் எழும் வேறொரு வினாவையாம். பழைய முறைமையின் கீழ் இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த நம் பொருள்கள் என்னாகும் என்பதே அவ்வினா.

வடபுலத்தார்க்கு இவ்வினா புதியதன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தம் மனைகளை விட்டுப் புறப்பட நேர்ந்தபோது, கையிற் கொள்ளக்கூடியவற்றை மட்டுமே கொண்டு சென்றனர். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் ஒரு றங்குப் பெட்டியிலே சேர்த்து வைத்திருந்த குடும்பத்தார், அப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தனர். அலுமாரியில் ஒன்றும் மேசை லாச்சியில் ஒன்றும் மாமியார் வீட்டில் ஒன்றுமாக விட்டுவைத்தோர் வெறுங்கையராய்ப் போயினர். பொருளின் அருமை இருசாரார்க்கும் ஒன்றே. அது எங்கே இருக்கின்றது என்னும் அறிவே வேறுபட்டது.

கணினியினுள்ளும் இவ்வாறே. வன்தட்டில் உள்ளவற்றுட் பெரும்பகுதி நம்முடையதன்று. விண்டோஸ் முறைமைக்குரிய கோப்புக்கள் பல்லாயிரம். அவற்றை இழந்தால் மீண்டும் பெறலாம். கடிதம் எழுதும் மென்பொருளும் படம் பார்க்கும் மென்பொருளும் அத்தகையனவே. மீளப்பெற இயலாதவை ஒரு சிலவேயாம். பாட்டனார் பாடிய தேவாரத்தின் ஒலிப்பதிவு, பிள்ளையின் முதற் பிறந்தநாட் படங்கள், காணி உறுதியின் நகல், ஆசிரியரெனில் ஆண்டுதோறும் ஆக்கிய வினாத்தாள்கள், இல்லத்தரசியெனில் வரவு செலவுக் கணக்கு, கனடாவிலிருந்து தமக்கையார் அனுப்பிய கடிதங்கள் என இவற்றை ஒரு தாளிலே எழுதிவிடலாம். மாற்றத்துக்குச் சில நாள் முன்னர் வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து அத்தாளை எழுதுதல் நன்று. தந்தையார் மறந்ததைப் பிள்ளை நினைவூட்டும். பிள்ளை அற்பமென்று கருதியதைத் தாயார் வேண்டுமென்பார்.

எழுதியபின் அவை எங்கேயுள்ளன என்று தேடவேண்டும். கணினித் திரையின் முகப்பிலே, டெஸ்க்டொப் என்னும் இடத்தில், பலரும் தம் கோப்புக்களைப் பரப்பிவைத்துள்ளனர். அவ்விடம் திரையோடு சேர்ந்தது போலத் தோன்றினும், உண்மையில் சீ எனப் பெயர்பெற்ற பிரிவினுள், பயனாளர் பெயரால் அமைந்த கோப்புறையின் உட்கோப்புறையே அது. ஆவணங்கள், படங்கள், இறக்கியவை என்னும் கோப்புறைகளும் அங்கேதான் உள்ளன. இவற்றினும் மறைவானது ஆப்டேட்டா எனப்படும் கோப்புறை. அது சாதாரணமாகக் கண்ணுக்குப் புலனாகாது. இணைய உலாவியிற் குறித்துவைத்த முகவரிகளும் கடவுச்சொற்களும் அதனுள் அடங்கும். கணினியிலேயே மின்னஞ்சலை இறக்கிப் படிக்கும் வழக்கமுடையார் தம் அஞ்சற் கோப்பு எவ்விடத்துள்ளதெனத் தேடி அறிதல் வேண்டும். வன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பைப் பயன்படுத்துவோர் மேலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோப்பின் பெயர் திரையிலே தெரியினும், அதன் உள்ளடக்கம் கணினியில் இல்லாது இணையத்தில் மட்டும் இருத்தல் கூடும். கோப்பின் அருகே சிறு முகில் வடிவம் காணப்படின் பொருள் வீட்டில் இல்லை, பற்றுச்சீட்டு மட்டுமே உண்டு என்று கொள்க.

நிற்க. வன்தட்டின் பிரிவுகளைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்; இழப்புக்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நேர்கின்றன.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஆக்கிய முதல் வன்தட்டுக் கருவி, இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்களைக் கொண்டு, ஐம்பது இலட்சம் எழுத்துக்களை மட்டுமே தாங்கியது. 1983ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் எக்ஸ்.ரி. என்னும் மேசைக்கணினி 10 மெகாபைற்று வன்தட்டுடன் வந்தது. ஏ, பி என்னும் எழுத்துக்களை முன்னரே நெகிழ்தட்டுக்கள் பெற்றுவிட்டமையால், வன்தட்டுக்கு சீ என்னும் மூன்றாம் எழுத்துக் கிடைத்தது. நெகிழ்தட்டுக்கள் மறைந்தொழிந்த பின்னரும் நம் கணினிகள் மூன்றாம் எழுத்திலிருந்தே எண்ணத் தொடங்குவதற்குக் காரணம் இதுவாம். ஒரே தட்டைப் பல பிரிவுகளாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைச் சூட்டும் வழக்கமும் அக்காலத்திலேயே தோன்றியது. நம் நாட்டுக் கணினிக் கடைக்காரர் இவ்வழக்கத்தைப் பெரிதும் விரும்புவர். சீயில் முறைமை, டீயில் ஆவணங்கள், ஈயிற் பாட்டு, எஃப்பிற் படம் என நாற்சார் வீடு போல வகுத்துக் கொடுப்பர்.

பிரிவு என்பது யாது? தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு பட்டியல் உண்டு. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை இன்ன பிரிவு என்று அது குறித்துவைக்கும். ஒல்லாந்தர் காலத்துக் காணித் தோம்பு போன்றது அப்பட்டியல். பழைய பட்டியல் முறையில் நான்கு தலைமைப் பிரிவுகளுக்கே இடமிருந்தது. இரண்டு தெராபைற்றுக்கு மேற்பட்ட தட்டை அதனால் முழுமையாகக் குறிக்கவும் இயலவில்லை. இன்று வழங்கும் ஜி.பி.ரி. என்னும் முறையில் 128 பிரிவுகளுக்கு இடமுண்டு. ஆயினும் தோம்பு எதுவாயினும், காணி ஒன்றே. டீ என்பது வேறொரு தட்டன்று. இடையே கட்டிய கிடுகு வேலியால் ஒரு வளவு இரண்டு வளவாகத் தோன்றுகின்றது, அவ்வளவே. தட்டு பழுதுற்றால் நான்கு எழுத்துக்களும் ஒருங்கே மறையும்.

எனக்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவர் இதனை அறியாது பட்ட இடர் பெரிது. தம் பொருளெல்லாம் டீயிலே இருப்பதாகவும், புதிய முறைமை சீயில் மட்டுமே குடியேறும் என்றும் அவர் நம்பினார். லினக்ஸை நிறுவும்போது, தட்டை அழித்து நிறுவுக என்னும் தெரிவைத் துணிந்து அழுத்தினார். அத்தெரிவு சீயை மட்டும் அழிப்பதன்று. தட்டிலுள்ள எல்லாப் பிரிவுகளையும் நீக்கிப் புதிய தோம்பு எழுதுவது. பதினோராண்டு வினாத்தாள்களும், காலஞ்சென்ற தாயாரைப் படம்பிடித்த ஒரேயொரு காணொளியும் அதில் இருந்தன. தோம்பு போயினும் எழுத்து உடனே அழிவதில்லையாதலின், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்னும் இலவச மீட்பு மென்பொருள்களைக் கொண்டு இளைஞர் ஒருவர் இரண்டு நாள் முயன்றார். படங்கள் பல மீண்டன; ஆனால் அவை பெயரும் கோப்புறையும் இழந்து, எண்களை மட்டும் தாங்கி, ஆயிரக்கணக்கிற் குவிந்து வந்தன. காணொளி வந்திலது. புதிய முறைமை அதே இடத்தின் மேல் எழுதிவிட்டது.

ஆகவே வேலியைத் தொடுமுன் பொருளை வளவுக்கு வெளியே கொண்டுபோதல் வேண்டும். வெளியே என்பது வேறு பிரிவன்று, வேறு தட்டு. யூ.எஸ்.பி. வழியாகப் பொருத்தும் வெளிவன்தட்டு இதற்கு ஏற்றது. பென்டிரைவ் கைமாற்றுக்கு உதவும். ஆண்டுக்கணக்கிற் காத்துவைக்க அதனை நம்புதல் ஆகாது. ஒளிப்படக்காரரிடையே தோன்றிப் பரவிய விதியொன்று உண்டு. பிரதி மூன்று, ஊடகம் இரண்டு, அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது அது. வேறிடம் என்பதன் பொருளை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டில் எரிந்த நம் பொது நூலகத்தில் இருந்த ஏறக்குறைய 97,000 நூல்களுள், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. அச்சிட்ட நூல்களுள் வேறிடத்தில் ஒரு பிரதி இருந்தவற்றையேனும் பின்னர்த் தேடிப் பெற முடிந்தது. ஒற்றை ஏட்டுக்கு அவ்வாய்ப்பில்லை.

பிரதி எடுக்குமுன் ஒழுங்குபடுத்தலாமா, எடுத்தபின் ஒழுங்குபடுத்தலாமா என்று வினவுவோர் உளர். வீடு மாறுவோர்க்குக் குப்பையை முன்னரே கழிப்பது சிறப்பு. கணினியில் அதற்கு மாறாக நடக்கவேண்டுமென்பது என் துணிபு. உள்ளதை உள்ளவாறே, குப்பையும் கூளமுமாய், முதலில் முழுவதும் வெளித்தட்டிற் படியெடுத்துவிடுக. அவசரத்தில் இரண்டு கோப்பும் ஒன்றென்று எண்ணி அழித்தவர் பலர். புதிய முறைமையில் அமைதியாய் அமர்ந்து, வேண்டாதவற்றை மெல்லமெல்ல விலக்கலாம். படியெடுத்தபின் இரு புறத்துக் கோப்புக்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுக. பின்னர், படம் ஒன்று, ஒலி ஒன்று, கடிதம் ஒன்று எனப் பலவகையிலும் சிலவற்றைத் திறந்து பார்க்க. இயலுமாயின் அவற்றை வேறொரு கணினியிலே திறந்து பார்த்தல் இன்னும் நன்று. திறந்து பாராத பிரதியைப் பிரதியென்று சொல்லற்க.

வெளித்தட்டு எந்தக் கோப்பு முறைமையில் அமைந்துள்ளதென்பதையும் பார்க்கவேண்டும். ஃபாட் 32 என்னும் பழைய முறையில் 4 ஜிகாபைற்றை எட்டும் ஒற்றைக் கோப்பு நில்லாது. திருமணக் காணொளி பாதியிலே மறுக்கப்படுவது இதனாலாம். எக்ஸ்ஃபாட், என்.ரி.எப்.எஸ். என்னும் இரண்டையும் விண்டோஸும் இக்கால லினக்ஸும் படிக்கவும் எழுதவும் வல்லன. லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ற் 4 முறையில் அமைந்த தட்டை விண்டோஸ் கணினியிற் பொருத்தினால் அது அதனை அறிந்துகொள்ளாது. இத்தட்டை வடிவமைக்கவா என்று வினவுதலும் உண்டு. ஆம் என்று விடையளித்தால் யாவும் போம்.

இனி, பெயரிடுதல். தமிழிலே கோப்புக்குப் பெயர் சூட்டுவோர்க்கு, ஆங்கிலத்தார் அறியாத ஒரு சிக்கல் காத்திருக்கின்றது. லினக்ஸின் எக்ஸ்ற் 4 முறை, ஒரு பெயருக்கு 255 பைற்று இடமே அளிக்கும். ஆங்கில எழுத்து ஒரு பைற்றுக் கொள்ளும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக் கொள்ளும். 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியுமாய் இரண்டு குறியீடாதலின் ஆறு பைற்று. 'சரஸ்வதி பூசை விழாவில் உயர்தர வகுப்பு மாணவர் ஆற்றிய பேச்சுக்களின் தொகுப்பும் பரிசு பெற்றோர் விபரமும்' என்று ஆசிரியர் ஒருவர் கோப்புக்குப் பெயரிட்டார் என்க. 88 குறியீடுகளும் 11 இடைவெளிகளும் சேர்ந்து 275 பைற்று ஆகின்றன. 255 குறியீடு வரை இடங்கொடுக்கும் என்.ரி.எப்.எஸ். அதனை ஏற்கும், லினக்ஸ் மறுத்துவிடும். ஆயிரம் கோப்புக்கள் படியெடுக்கப்படும் வேளையில் ஒன்று மட்டும் மறுக்கப்பட்டால் நம் கண்ணுக்கு எளிதிற் படாது. எண்ணிக்கையை ஒப்பிடுக என்று மேலே கூறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலப் பெயர்களுக்கு வேறொரு தொல்லை. பெரிய எழுத்தில் எழுதிய பெயரும் சிறிய எழுத்தில் எழுதிய அதே பெயரும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. பெரிய எழுத்துச் சிறிய எழுத்து என்னும் பேதம் நம் மொழியில் இல்லாமையால் தமிழ்ப் பெயர்கள் இதில் தப்பின. ஆனால் 'கொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. தேடிய கோப்பு கண்முன் இருந்தும் அகப்படாதபோது இதனை நினைவிற் கொள்க. பெயர் சுருக்கமாய், ஆண்டு முதலிலும் மாதம் அதன் பின்னும் திகதி இறுதியிலுமாக எண்ணிலே தொடங்குமாயின், எம்முறைமையிலும் அவை கால வரிசையிலே தாமே நிற்கும்.

எழுத்துருவின் செய்தி இதனினும் பெரிது. ஒருங்குறி எனப்படும் யுனிக்கோட் முறை 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்ததாயினும், ஈழத்தில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது பாமினி எழுத்துருவே. பாமினியில் எழுதிய கோப்பினுள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக்களாம். அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கின்றது. அவ்வெழுத்துரு இல்லாத புதிய முறைமையில் திறந்தால் போர்வை நீங்கிவிடும். தமிழ் என்னும் சொல்லே ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாய் நிற்கும். கோப்புக் கெட்டுவிட்டதென்று கருதி அதனை அழித்தோரும் உளர். அது கெடவில்லை. பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியையும் உடன் எடுத்துச் சென்று புதிய முறைமையில் நிறுவினால் எழுத்து மீளும். முக்கியமானவற்றை, எழுத்து மாற்றி ஒன்றின் துணையால் ஒருங்குறிக்குப் பெயர்த்துவைத்தல் நிலையான தீர்வாகும். பெயர்த்தபின் ஒருமுறை முழுவதும் வாசித்துத் திருத்துக. இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாய் மாறியிருக்கக் காணலாம்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தது, ஒடிந்து உதிர்ந்த ஏடுகளிலிருந்து தாளுக்குப் பெயர்த்தேயாம். ஏடு முற்றும் அழியுமுன் பெயர்த்தமையால் நூல் நின்றது. பாமினிக் கோப்பைத் திறக்கத்தக்க கணினி நம் மேசைமேல் இருக்கும் இக்காலமே அதனைப் பெயர்த்தற்கு உரிய காலம்.

பொருள் வெளியேறியபின் வளவை வகுக்கலாம். லினக்ஸின் முன்னோடியாகிய யுனிக்ஸ், 1969ஆம் ஆண்டு முதல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்போரால் உருவாக்கப்பட்டது. அதில் சீ, டீ என்னும் எழுத்துக்கள் இல்லை. யாவும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரம். எத்தனை தட்டுக்களாயினும் அம்மரத்தின் கிளைகளாகவே ஒட்டப்படும். தொடக்கத்திற் பயனாளரின் சொந்தக் கோப்புறைகள் யூசர் என்று பொருள்படும் கிளையிலே இருந்தன. முறைமை பெருத்துத் தன் தட்டில் இடம் போதாதபோது, அதன் மென்பொருள்களும் அக்கிளையிலே வந்து புகுந்தன. நாளடைவில் வந்தேறியே வீட்டுக்காரராயிற்று. பயனாளர் ஹோம் என்னும் வேறு கிளைக்குப் போயினர். இன்றும் லினக்ஸில் யூசர் என்னும் பெயருடைய கிளையிற் பயனாளரின் கோப்பு ஒன்றேனும் இராது; பெயர் மட்டும் எஞ்சிநிற்கின்றது.

அவ்வரலாற்றின் பயனாக நமக்குக் கிடைத்தது ஒரு நல்ல வசதி. ஹோம் கிளையைத் தனிப் பிரிவாக வைத்துவிட்டால், மறுமுறை முறைமையை மாற்றும்போது வேர்ப்பிரிவை மட்டும் அழித்து எழுதி, ஹோமைத் தொடாது விடலாம். கோப்புக்கள் மட்டுமன்றி, புள்ளியிலே தொடங்கும் பெயருடைய மறைகோப்புக்களில் உள்ள நம் அமைப்புக்களும் அங்கேயே நிலைபெறும். வேர்ப்பிரிவுக்கு 50 ஜிகாபைற்று ஒதுக்கினால் இல்லத் தேவைக்கு நெருக்கடி நேராது, எஞ்சியது ஹோமுக்கு. இரண்டு முறைமையையும் ஒரு கணினியில் வைத்திருப்போர், இரண்டும் படிக்கத்தக்க என்.ரி.எப்.எஸ். பிரிவு ஒன்றைப் பொதுக் களஞ்சியமாக வைக்கலாம். இதற்கு மேலும் பிரிப்பது வேண்டாத வேலையென்றே கூறுவேன். பாட்டுப் பிரிவு நிரம்பி வழிய, படப் பிரிவு வெறுமையாய்க் கிடக்கும்; வேலியை நகர்த்துவதோ, ஊரில் மட்டுமன்றித் தட்டிலும் வம்பை விளைப்பது. பாட்டையும் படத்தையும் பிரித்துவைக்கக் கோப்புறையே போதும்.

சிறிய பிரிவொன்று, பெரும்பாலும் சில நூறு மெகாபைற்று அளவில், இ.எப்.ஐ. என்னும் பெயருடன் தட்டிலே காணப்படும். பயனற்றதென்று அதனை நீக்கற்க. கணினி விழித்தெழும்போது முதலில் நாடும் வாசல் அதுவே.

விண்டோஸ் இருக்கும் பிரிவைச் சுருக்கி லினக்ஸுக்கு இடங்காண விரும்புவோர், விண்டோஸின் தட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே அதனைச் செய்தல் நன்று. அதற்குமுன் பார்க்கவேண்டியவை சில உண்டு. பிட்லொக்கர் என்னும் மறையாக்கம் இயங்குகின்றதா என்று காண்க. இயங்குமாயின் அதன் 48 இலக்க மீட்புத் திறவை எழுதிவைக்காது யாதொன்றையுந் தொடலாகாது. விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்துக. அது இயங்கும்வரை, கணினியை நிறுத்தியதாக நாம் கருதினும் விண்டோஸ் அரைத்துயிலிலேயே இருக்கும். லினக்ஸ் அப்பிரிவில் எழுத மறுக்கும். பிரிவுகளை மாற்றும் வேலை இடையிலே அறுந்தால் தோம்பும் காணியும் ஒவ்வாது போகும். ஆதலின் மடிக்கணினியை மின்னேற்றியுடன் இணைத்தே வைக்கவேண்டும், மேசைக்கணினிக்கு யூ.பி.எஸ். வேண்டும். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டையும் கண்டவர்கள் நாம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கு ஒன்று புகுந்தமையால் நாடு முழுவதும் இருளடைந்ததாக அமைச்சரே கூறினார். அத்தகைய நாட்டில் இவ்வெச்சரிக்கை மிகையாகாது.

புதிய முறைமையைப் பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. அப்பென்டிரைவில் முன்னர் இருந்தவை அழியுமாதலின் வெறுமையானதையே எடுக்க. ஒலி கேட்கின்றதா, கம்பியில்லா இணையம் கிடைக்கின்றதா, அச்சுப்பொறி அசைகின்றதா என்று ஒருநாள் சோதித்தபின்னர் நிறுவுதல் முறை. நிறுவும்போது தட்டை அழித்தல், உடன் நிறுவுதல், நாமே வகுத்தல் என்னும் தெரிவுகள் தோன்றும். அவ்விடத்தில் வெளிவன்தட்டைக் கழற்றி வேறறையில் வைத்துவிடுக. இணைந்திருக்கும் தட்டையெல்லாம் அப்பட்டியல் காட்டும், பெயர்களோ எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும். அளவைக் கொண்டு அடையாளங் காண்க. 500 ஜிகாபைற்று எது, 1 தெராபைற்று எது என்று முன்னரே தாளிற் குறித்திருத்தல் உதவும்.

நிறுவியபின் வெளித்தட்டிலிருந்து கோப்புக்களை ஹோமுக்குப் படியெடுக்க வேண்டும், வெட்டி ஒட்டலாகாது. வீட்டார் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோடிட்டு வருக. பாட்டனாரின் தேவாரம் ஒலிக்கவேண்டும். பாமினிக் கடிதம் தமிழாய்த் தெரியவேண்டும். வங்கிக் கணக்கின் கூட்டுத்தொகை பழையபடி வரவேண்டும். வரியிறுக்கும் காலமும் பரீட்சைக் காலமும் ஒருமுறை கடந்து செல்லும் வரை வெளித்தட்டிலிருந்து எதனையும் அழிக்கவேண்டாம். அவ்வேளைகளில்தான் மறந்துபோன கோப்பு தேவைப்படும். அதன்பின் அத்தட்டின் மேல் எழுத்துரு, ஆண்டு, உள்ளடக்கம் ஆகியவற்றைக் குறித்த சிறு தாளொன்றை ஒட்டி, மறுமுறை கொழும்புக்குச் செல்லும்போது தமக்கையார் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு வரலாம்.